அணி அ

முதல் பெயர் யாருக்கும் நினைவில்லை.
பதிவுச் சான்றிதழைக் கரையான் அரித்தபோது
பெயர் இருந்த மூலையில்தான் தொடங்கியது.
எழுபத்தொன்று என்ற வருடம் மிச்சம்.
அதன் கீழே திம்மராயனின் கையெழுத்து,
அவசரத்தில் போட்ட மாதிரி.

அப்புறம் மாங்கூழ்.
காவேரிப்பட்டினம் சாலைத் தொழிற்சாலை
பதினான்கு சட்டை தந்தது, பழுத்த பெங்களூரா மஞ்சளில்.
முதுகில் எண், மார்பில் டின் படம்.
சீசன் முடிந்தால் சம்பளமும் முடியும்.
ஆடி பிறந்ததும் எங்கள் சென்டர் அம்ஜத்
லாரிக்குக் கிளீனராகப் போவான்,
தையில் திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்தே எம்புவான்.
தருமபுரிக்காரர்கள் எங்களை
"டேய் கூழு" என்பார்கள்.
அவர்களை ஒன்பது வருடம் தொடர்ந்து ஜெயித்தோம்
என்று எழுத ஆசை.
ஆறு. ஸ்கோர் ஷீட் என்னிடம் இருக்கிறது.

அப்புறம் கிரானைட்.
சட்டை கறுப்பு, தரை சிமென்ட்,
நான்கு கம்பத்திலும் விளக்கு.
கல் வாங்க இத்தாலியிலிருந்து வந்தார் எத்தோரே,
பகலெல்லாம் குவாரியில் பாறைமேல் தண்ணீர் ஊற்றி
விரிசல் தேடுகிற மனிதர்.
ராத்திரி எங்கள் வெளிச்சத்துக்கு வந்தார், ஈசல்களோடு.

அவர் ஊரிலும் ஒரு கழகம். சம்பளத்துக்கு ஆடுகிற கழகம்.
அளவுத் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதிக் காட்டினார்:
ஐஸ்கிரீம். வாஷிங் மெஷின். சேமியா மாதிரி ஏதோ.
ஒரு வங்கி. மறுபடி ஐஸ்கிரீம், ஆனால் வேறு கம்பெனி.
ஐம்பது வருடத்தில் பன்னிரண்டு பெயர்,
ஒரு கோப்பை, இரண்டு திவால்.
"கத்தும்போது எந்தப் பெயரைக் கத்துவீர்கள்?"
குவாரி மேனேஜர் மொழிபெயர்த்தார், என்னத்தையோ.
எத்தோரே அம்ஜத்தின் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்,
கல்லைத் தொடுகிற அதே விரலால்.
நிறத்தை, என்றார். நிறத்தைத்தான் கத்துவோம்.

குத்தகை ரத்தானது ஒரு செவ்வாய்க்கிழமை.
நான்கு மாதச் சம்பளம் பாக்கி.
இரண்டு பேர் போலீஸுக்கு, ஒருவன் ரயில்வேக்கு.
விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்
கம்பங்களை விட்டுவிட்டார்கள்.

சீட்டுக் கம்பெனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.
ஊரில் பாதிப்பேர் பணம் போட்டிருந்தார்கள், நானும்.
முதலாளி ஓடிய வாரம் ஓசூரில் இறுதிப் போட்டி.
சூளகிரியில் பஸ் நின்றபோது ஏறிய ஒருத்தி
மார்பில் இருந்த பெயரைப் படித்தாள்,
லூர்துவின் காலரைப் பிடித்தாள்.
"எம் பொண்ணு கல்யாணக் காசுடா."
அவனுக்கு வயது பத்தொன்பது.
ஃப்ரீ த்ரோவைத் தவிர எதிலும் யாரையும் ஏமாற்றியதில்லை.

ஓசூரில் சட்டையைப் புரட்டிப் போட்டு ஆடினார்கள்.
எண் தெரியவில்லை என்றார் நடுவர்.
பத்து முதுகுகளில் மார்க்கரால் நான்தான் எண் போட்டேன்;
லூர்து கூச்சத்தில் நெளிந்ததில் ஏழு கோணிக்கொண்டது.
மூன்றாம் கால்பகுதியில் வியர்வை ஊறி
அந்தப் பெயர் இடவலம் மாறி வெளியே தெரிந்தது.
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. தோற்றோம்.
கூட்டம் ஒன்றும் கத்தவில்லை.
கடைசி இரண்டு நிமிடம்
பந்து தரையில் விழுகிற சத்தம் மட்டும்.

இப்போது பேட்டரி ஸ்கூட்டர்.
படிவத்தில் ஒரு கட்டம்:
"கழகத்தின் வரலாறு, இருநூறு சொற்களுக்குள்."
எத்தோரேயிடமிருந்து ஜூனில் மெயில் வந்தது.
அவர்கள் உரிமத்தை வேறு நகரம் விலைக்கு வாங்கிவிட்டதாம்.
கோப்பை மட்டும் ஊரில், ஒரு மருந்துக்கடைக் கண்ணாடிக்குள்.
கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்,
எந்த விளம்பரமும் இல்லாமல், பழைய சிவப்பில்.
உங்கள் அணி என்ன ஆயிற்று?

நாற்பது வருடமாக ஸ்கோர் ஷீட்டில்
எங்களை "அணி அ" என்றுதான் எழுதுகிறேன்.
முழுப்பெயர் எழுத அந்தக் கோட்டில் இடம் போதாது.
பதில் இன்னும் போடவில்லை.
மழையில் கோடுகள் கரைந்திருக்கின்றன,
சனிக்கிழமை தருமபுரி வருகிறது.
முதலில் சுண்ணாம்பு வாங்க வேண்டும்.